நூற்றிருபது லிட்டரும் ஒரு சொம்பும்

"சொம்பக் கீழ வைண்ணே."

"கைய எடுரா."

"காலையில கஞ்சிக்கு நூறு மில்லி போச்சு, மாத்திரைக்கு அம்பது—"

"மில்லிக் கணக்க எங்கிட்டச் சொல்றியா? எடுரா கைய!"

"மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க—"

"அவ என்ன சொல்லுவா? நீ கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டா."

சொம்பு இருவர் கையிலிருந்தும் நழுவி முற்றத்தில் உருண்டது. தண்ணீரை மண் உடனே குடித்துவிட்டது. அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் என் வீட்டுக்காரர் விருமாண்டி. அவருடைய தம்பி அழகுபாண்டி சொம்பை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தான். அறுபத்திரண்டு வயது அவனுக்கு. அண்ணன் வைதால் இன்னும் காது மடல் சிவந்துபோகும்.

அன்று சனிக்கிழமை. செவ்வாயும் சனியும் அவன் மதுரையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து, உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து அண்ணனை அழைத்துப் போவான். அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய், மெசினுக்குள் சுத்தமாகித் திரும்பி வரும். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. குடித்த தண்ணீர் உடம்பை விட்டுப் போகாது என்பதால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது.

"கார்ல ஏறுண்ணே. பத்து மணிக்கு பெட்டு குடுத்திருக்காக."

"நான் வரல."

"கோவத்த அப்புறம் வச்சுக்க."

"கோவம் இல்லடா. இன்னைக்கும் வரல, இனியும் வரல. போதும்."

மெசினை நிறுத்தினால் பத்து நாளோ, மிஞ்சினால் பதினைந்து நாளோ என்று டாக்டர் என்னை வைத்துக்கொண்டுதான் சொல்லியிருந்தார். அது என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அழகுபாண்டிக்குப் பத்து வயது. தாய் தகப்பன் இல்லை. எங்களுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை ஓடிய காலம் அது. அண்ணன் மாட்டை ஓட்டுவார், தம்பி வடத்தின்மேல் பாரத்துக்கு உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே போவான்.

"அண்ணே, எறங்கட்டா?"

"எறங்குனா மாடு எப்படிடா இழுக்கும்? உக்காரு."

பக்கத்துக் காட்டுப் பேயாண்டி ஆயில் இன்ஜின் வாங்கினார். அழகுபாண்டி பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்விடுவான். ஒரு நாள் பேயாண்டி வாசலில் வந்து கத்தினார்.

"விருமாண்டி, ஒன் தம்பி இன்ஜினப் பிரிச்சுப் போட்டுட்டாண்டா!"

"மாட்டிக் குடுத்தானா இல்லையா?"

"மாட்டிட்டான். முன்னைக்கு இப்ப நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் எதுக்கு இம்புட்டுச் சத்தம்?"

மதுரையில் கப்பல்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதினெட்டு வயதில் போய் வரிசையில் நின்றான். எடுத்துக்கொண்டார்கள். லோனாவாலாவில் இன்ஜின் படிப்பு, பிறகு விசாகப்பட்டினத்தில் கப்பல். கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிதண்ணீர் ஆக்கும் மெசின் அவன் பொறுப்பு. 'மதினி, இங்கே குளிக்க ஒரு வாளிதான்' என்று எழுதியிருந்தான். வாசித்ததும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடலுக்கு நடுவுல இருந்துக்கிட்டுத் தண்ணி இல்லேங்கிறான். நம்ம ஊர்க்காரன்னு நிரூபிச்சுட்டான்!"

பதினைந்து வருடம் கழித்துக் கப்பலை விட்டு வந்தான். மில்லில் பாய்லர் பார்த்தான். திருமங்கலத்தில் கேன் தண்ணீர்க் கம்பெனியில் மெசின் பார்த்தான். பிறகு இந்த ஆஸ்பத்திரி. டயாலிசிஸுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் அவன் கையில்தான் ஓடுகிறது.

"ஒரு தடவ மெசின்ல போட்டா எம்புட்டுத் தண்ணிடா ஆகும்?" என்று கேட்டார் இவர், முற்றத்தில் நின்றபடியே.

அழகுபாண்டி யோசிக்காமல் சொன்னான். "நூத்தியிருவது லிட்டரு."

"எல்லாம் நீ சுத்தம் பண்ணிக் குடுக்குறது?"

"ஆமா."

"என் ரத்தத்தக் கழுவ நூத்தியிருவது லிட்டரு. என் தொண்டைக்கு ஒரு சொம்பு இல்ல. இது எந்த ஊரு ஞாயம்?"

"அண்ணே..."

"நாளைக்கு நான் கெடக்கையில எல்லாரும் வரிசையா வந்து வாயில பால் ஊத்துவீக. அப்ப மில்லி அளப்பியா? அத இப்பவே தண்ணியாக் குடுத்துட்டுப் போங்கடா. ருசி தெரிஞ்சு குடிச்சுக்கிறேன்."

அழகுபாண்டி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். கார்ச் சாவியால் மண்ணைக் கீறினான். அழுகிறான் என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

"நான்தாண்ணே உன்னய இப்படி ஆக்குனேன்" என்றான்.

"என்னடா ஒளறுற?"

"பத்து வருசத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு வந்தப்ப, நம்ம போர்க் குழாய்த் தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு ஒளிச்சுக் கொண்டுபோனேன். மீட்டர்ல வச்சுப் பாத்தேன். உப்பு லிட்டருக்கு ரெண்டாயிரம் மில்லிகிராமத் தாண்டுச்சு. ஐநூறுக்கு மேல போனாலே நாங்க கேன்ல அடைக்க மாட்டோம்."

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் ஒந்தண்ணி ஆகாதுய்யான்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னவன், உங்கிட்டச் சொல்லல. அண்ணன் காட்டுத் தண்ணியில தம்பிக்காரன் குறை பாக்குறான்னு ஆயிருமேன்னு சொல்லல. வெறுமனே தண்ணியச் சுத்தம் பண்ற மெசின் ஒண்ண வாங்கியாந்து வச்சேன். நம்ம தண்ணிக்கு எதுக்குடா மெசினுன்ன. சரின்னு தூக்கிட்டுப் போயிட்டேன்."

"டாக்டரு தண்ணியாலன்னு சொல்லலையே. முதுகுவலிக்கு இருவது வருசம் மாத்திரை வாங்கித் தின்னதாலன்னுதான சொன்னாரு?"

"தண்ணியும் சேந்திருக்கலாம்னுதான சொன்னாரு."

அவர் மெதுவாகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வீங்கிய கால்களை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டார்.

"டேய், எனக்கு நாக்கு இல்லையா?"

அழகுபாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

"கெணறு வத்துன வருசம், கப்பல்லருந்து லீவுக்கு வந்தவன் நாலு நாளு மண்ணுல பொரண்டு இந்த போரப் போட்ட. மோட்டார நீயே எறக்குன. தண்ணி வந்தப்ப ஊரே வந்து பாத்துச்சு. மொத வாயிலயே கரிச்சுச்சுடா. தம்பி போட்ட போரு கரிக்குதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"தெரிஞ்சேவா குடிச்ச?"

"நீ மட்டும் தெரியாமலா இருந்த?"

நானும்தான் சும்மா இருந்தேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பானைக்குள் வெள்ளையாகப் படியும். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனி தேய்ந்தது. கொழுந்தன் மனசு நோகும் என்று அவனிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரர் மனசு நோகும் என்று இவரிடமும் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் முப்பது வருடம் அந்தத் தண்ணீரைப் புழங்கியிருக்கிறோம்.

"தப்பு நடந்துபோச்சுண்ணே. அதுக்காக இப்படி விட்டுட்டுப் போறேங்கிறியா?" என்றான் அழகுபாண்டி.

"எதுக்காகவும் இல்லடா. அலுத்துப்போச்சு. பெட்டுல கெடக்கையில அந்த மெசினு கீச் கீச்சுன்னு கத்துது. போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு ஒடம்பு எங்கிட்ட இல்ல. தெளியிறதுக்குள்ள நீ காரக் கொண்டாந்து நிறுத்திர்ற. காட்டுப் பக்கம் போயி எத்தன மாசமாச்சு தெரியுமா?"

"மதினிய நெனச்சுப் பாத்தியா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றும் எனக்கு வாய் வரவில்லை, போகாதீங்க என்றும் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அவளுக்கு நீ இருக்க" என்றார்.

வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது. அழகுபாண்டி எடுத்து, "பெட்ட வேற ஆளுக்குக் குடுத்துருங்க சிஸ்டர், இன்னைக்கு வரல" என்று மட்டும் சொல்லி வைத்தான். எழுந்து போய்க் காரிலிருந்து கேனை இறக்கினான். அவனே சுத்தம் பண்ணிய தண்ணீர்.

"அந்தச் சப்புத் தண்ணி வேணாம்டா."

"வேற எது?"

"நம்மது."

அழகுபாண்டி கேனை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனான். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. குழாய் கொஞ்ச நேரம் காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. என் கையிலிருந்த சொம்பை வாங்கிப் போனான். விளிம்புவரை பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தான்.

இவர் வாங்கி அண்ணாந்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. பாதியில் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. தம்பிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றான். எத்தனை மில்லி என்று அவன் கண் தானாக அளந்ததை நான் பார்த்தேன்.

"நான் செவ்வாக்கிழம காரக் கொண்டாறேன். வருவியில்லண்ணே?"