தையல்கடை வாசலில் நின்ற கால்

"நான் எதுவும் சொல்லலம்மா. கண்ணால பாத்ததைத்தான் சொல்றேன். உன் வீட்டுக்காரர் தினமும் அந்தத் தையல்கடை வாசல்ல நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பற்றவைத்தவளுக்கு என்ன, எரிந்தது இவள் வயிறுதான்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். ஐந்தரைக்கு வீடு திரும்புகிற மனிதர் இரண்டு மாதமாக ஆறரைக்கு வருகிறார். கடைக்குச் சேர்ந்து கிளம்பினால், "நீ முன்னாடி போ, வரேன்" என்று பின்தங்குகிறார். சட்டைப்பையைத் துழாவினாள். புதினா மிட்டாய்! ஐம்பத்து நான்கு வயதில் வாய் மணக்க வேண்டியது யாருக்காக?

மறுநாள் தலைவலி என்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, குடையை முகத்துக்கு மறைவாகப் பிடித்தபடி அவர் பின்னாலேயே போனாள்.

அக்கா சொன்னது பொய்யில்லை. தையல்கடை வந்ததும் நின்றார். கண்ணாடிக்குள் தொங்கிய கவுனைக் கண்கொட்டாமல் பார்த்தார். உள்ளே இருந்த தையல்காரி தலையைத் தூக்கவே இல்லை. 'என்ன நடிப்பு!' என்று பல்லைக் கடித்தாள். இரண்டு நிமிடம் கழித்து அவர் நடந்தார். பிறகு, மூடிக் கிடந்த ஒரு கடையின் பூட்டை அதே மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் ஒரு வெற்றுச் சுவர்.

பூட்டோடும் சுவரோடும் யாராவது கள்ளத்தனமாகப் பழகுவார்களா? அவளுக்குக் குழப்பமாக இருந்தது. அவர் கிளம்பியதும் அடிகளை எண்ணினாள். சரியாக இருநூறு அடியில் மறுபடி நின்றார். இந்த முறை செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து இடது கெண்டைக்காலைப் பிசைந்தார். முகம் கோணியது. அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"என்னங்க, காலுக்கு என்ன?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எங்க இங்க?"

"அதை அப்புறம் கேளுங்க. காலைப் பத்திச் சொல்லுங்க."

"நடந்தா யாரோ கெண்டைக்காலைப் பிழியற மாதிரி இருக்கு. ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடுது. தெரிஞ்சா ஆபீஸ்ல வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. அதான் எதையாவது வேடிக்கை பாக்கற மாதிரி நிப்பேன். வயசாச்சு, வேறென்ன?"

"வயசு இடது காலுக்கு மட்டும்தான் ஆச்சா?" என்று கேட்டவள், அங்கிருந்தே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பாதத்தில் நாடியைத் தேடினார். பிறகு கையிலும் கணுக்காலிலும் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். "கையில நூத்தி நாப்பது. கணுக்கால்ல எண்பதுதான்."

மீட்டர்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நடுவுல குழாய் அடைச்சிருக்கு" என்றார் மெல்ல.

"ஆமா. காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. நடக்கும்போது தசைக்கு ரத்தம் பத்தல, அதான் வலி. மாத்திரையும் முறையான நடைப்பயிற்சியும் இருந்தா நல்லாக் குறையும். இப்படியே விட்டா புண் ஆறாது, கடைசியில காலையே எடுக்கவேண்டி வரலாம். இதயத்துக்கும் ஆபத்து. சிகரெட் உண்டா?"

"விட்டு ரெண்டு வருஷமாச்சு" என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் அவருடைய மீட்டர்ப் பையைத் திறந்தாள். மீட்டர் அட்டைகளுக்கு அடியில் பாதி காலியான சிகரெட் பெட்டி இருந்தது. புதினா மிட்டாயின் கதையும் விளங்கியது.

"அப்ப சக்களத்தி இருந்திருக்கா!" என்று அந்தப் பெட்டியை அங்கேயே நசுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா ஆவலோடு வந்தாள். "என்னம்மா, ஆளைக் கையும் களவுமா பிடிச்சியா?"

"பிடிச்சேன்க்கா. தண்ணி வரலைன்னு சண்டைக்கு வர்றவங்ககிட்ட எங்க வீட்டுக்காரர் தினமும் சொல்வாரு, 'மீட்டரைத் திட்டாதீங்க, குழாயைப் பாருங்க'ன்னு. நான் இருபத்திரண்டு வருஷமா அதைக் கேட்டுட்டு, ஆளைத்தான் திட்டினேன்."

அக்கா புரியாமல் விழித்தாள். காலில் ரத்தக்குழாய் அடைத்த கதையைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல அவரும் கடைக்குப் போனா நாலு இடத்துல நிக்கிறாரும்மா. சோம்பேறித்தனம்னு திட்டிட்டே இருக்கேன்" என்றாள்.

"திட்டறதை நிறுத்துங்க, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நடந்தா வலிச்சு, நின்னா விடுதுன்னா, சந்தேகப்பட வேண்டியது காலைத்தான்க்கா, மனுஷனை இல்ல."