சின்னப் படத்தில் நிற்கிறவர்

படத்தைத் திறந்தால் கவியரசன். மூடினால் தமிழழகன்.

கவியரசன் என் கணவர். கல்யாணமாகி ஒன்றரை மாதம் ஆகிறது. தமிழழகன் போன வருஷம் எனக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை. பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த வாரத்தில், கச்சிராயபாளையம் ரோட்டில் கரும்பு டிராக்டரில் மோதிச் செத்துப்போனார்.

என் பெயர் கோகிலவாணி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராயப்பன் அண்ணன் நடத்தும் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் ஆல்பம் போட்டவள், என் கல்யாண ஆல்பத்தையும் நானே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இதற்குச் சிரிக்கலாம், இல்லை அழலாம். எனக்கு இரண்டும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன். கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலிப்பதில்லை.

கவியரசன் வீட்டார் ஆத்தூர்ப் பக்கம். அவர்களிடம் அப்பா சொன்னதெல்லாம் "ஒரு எடம் பேசினோம், தட்டிப்போச்சு" என்பதுதான். மோதிரம் மாற்றியதையும், கோமுகி அணைக் கரையில் மலை பின்னால் தெரிய நின்று படம் எடுத்துக்கொண்டதையும், அந்தப் பிள்ளை செத்ததையும் சொல்லவில்லை. "மாப்பிள்ளைய முழுங்கினவன்னு பேர் கட்டிப்புடுவாங்க, வாய மூடிக்கினு இரு" என்றாள் அம்மா. நானும் இருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் கவியரசனும் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வரப்போகிறார்கள். எங்கள் கடையில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து, திரையில் வரிசையாக ஓடும் சின்னப் படங்களைப் பார்த்து "இத போடு, அத தூக்கு" என்பார்கள். அந்தச் சின்னப் படங்களில்தான் தமிழழகன் என் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். மாமியார் பார்த்தால் என் கதை முடிந்தது.

இதில் பேய் பிசாசு ஒன்றுமில்லை. படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள், ஒவ்வொரு படத்துக்கும் சின்னதாக ஒரு நகல் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதற்கு கேஷ் என்று பெயர். அடுத்த முறை அசல் படத்தைத் தேடாது, அந்த நகலைக் காட்டிவிடும். ஃபோல்டர் பெயரும் படத்தின் நம்பரும் ஒன்றாக இருந்தால் படமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் கடை வழக்கப்படி ஃபோல்டருக்குப் பெண்ணின் பெயரைத்தான் வைப்போம். கழற்றி வைத்த பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் நிச்சயதார்த்தப் படங்களும் 'கோகிலவாணி', புதிதாக ஏற்றிய கல்யாணப் படங்களும் 'கோகிலவாணி'. கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியதில் நம்பரும் பழையபடி ஒன்றிலிருந்து ஓடியிருந்தது. மாப்பிள்ளை மாறியது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

கேஷை அழித்தேன். தமிழழகன் போனார், கவியரசன் வந்தார். மதியம் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரும்பவும் தமிழழகன். மறுநாளும் அழித்தேன், மறுநாளும் வந்தார். மென்பொருளையே தூக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அதற்கும் மசியவில்லை. அந்தப் பழைய டிஸ்க்கை மாட்டி யாராவது படம் பார்த்தால்தான் இப்படித் திரும்ப வரும்.

"அண்ணா, பழைய ஹார்ட் டிஸ்க்க யாராவது மாட்டுறாங்களா?"

"யாரு மாட்டப்போறா? வைரஸா இருக்கும்மா" என்றார் ராயப்பன் அண்ணன். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு எல்லா லென்ஸையும் துடைத்தார்.

மறுநாள் சாப்பிடப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்தேன். முன்பக்கத்தில் என் கம்ப்யூட்டரிலேயே பழைய டிஸ்க் மாட்டியிருந்தது. எதிரில் ஒரு அம்மா, களை வெட்டிய மண் காலோடு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகை எனக்குத் தெரியும். கொளஞ்சியம்மாள், தமிழழகனின் அம்மா. அவர் திரும்புவதற்குள் படி இறங்கிவிட்டேன்.

அவர் போனபிறகு ராயப்பன் அண்ணனைப் பிடித்தேன்.

"இன்னாம்மா பண்றது? படம் எடுத்தது உங்க வூட்டு சார்பா. பையன் போனும் வண்டியோட நசுங்கிப்போச்சு. அந்தம்மாகிட்ட ஒண்ணுமில்ல. வேல விட்டா பஸ் ஏறி வந்துடுது. நீ சாப்பிடப் போற நேரமா பாத்து வரச் சொன்னேன்."

"பிரிண்ட் போட்டுக் குடுத்து அனுப்ப வேண்டியதுதானே?"

"சொன்னேனே. வாணாம்னுடுச்சி. பிரிண்ட் போட்டு எடுத்துக்கினு போனா அதுக்கும் மாலை போட்டுடுவாங்களாம். வூட்டுல மாலையோடவே பாத்துக்கினு இருக்கேன், இங்க வந்தா சும்மா சிரிச்சிக்கினு இருக்கான்னுது."

எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அந்த டிஸ்க்கை வாங்கி, பழைய ஃபோல்டரில் என் பெயரை அழித்துவிட்டு 'தமிழழகன்' என்று அடித்தேன். கேஷையும் அழித்தேன். இனி அந்தம்மா எத்தனை முறை பார்த்தாலும் இரண்டும் கலக்காது. வேலை முடிந்தது. கை கழுவிக்கொண்டு சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனால் அது ரொம்ப நாளாகவே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராயப்பன் அண்ணன் சர்ச்சுக்குப் போய்விட்டார். மாமியார் திரைக்கு நேராக உட்கார்ந்தார், கவியரசன் அவருக்குப் பக்கத்தில். சின்னப் படங்கள் ஓடின. எல்லாவற்றிலும் கவியரசனே இருந்தார்.

"இதுல என் தம்பி கண்ண மூடிக்கினு நிக்கிறான், தூக்கு. இது நல்லாருக்கு. ஏம்மா, நீ ஒண்ணுலயாவது சிரிக்கக் கூடாதா?" என்றார் மாமியார். நல்ல மாதிரிதான் அவர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. மதியம் வரை பொறுக்கினோம்.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கொளஞ்சியம்மாள் உள்ளே வந்தார்.

என்னைப் பார்த்தார். கழுத்தில் இருந்த தாலியைப் பார்த்தார். கவியரசனைப் பார்த்தார்.

"பாஸ்போட்டு போட்டோ எடுக்கணும்" என்றார், முன்பின் தெரியாதவளிடம் கேட்பது போல.

"கொஞ்ச நேரம் ஆவும்மா, உக்காருங்க" என்று நான் சொல்வதற்குள் மாமியாரே சொல்லி, நாற்காலியையும் இழுத்துப் போட்டார். "என் புள்ள கல்யாண ஆல்பம் பாத்துக்கினு இருக்கோம். மருமவதான் டிசைன் பண்ணுது. நீங்களும் பாருங்க."

கொளஞ்சியம்மாள் பார்த்தார். நான் மாலையோடு நின்ற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லாருக்குது. மகராசியா இருக்கட்டும்" என்றார்.

"உங்களுக்குப் புள்ளைங்க எத்தன?" என்று கேட்டார் மாமியார். நாலு பேர் கூடினால் யாரும் கேட்கிற கேள்விதான்.

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் புள்ள இல்லம்மா."

அடிப்பாவி என்று இருந்தது எனக்கு. அவரைச் சொல்லவில்லை, என்னைச் சொன்னேன். நான் பெயரைத்தான் மாற்றினேன். இந்த அம்மா பெற்ற பிள்ளையையே எனக்காக இல்லை என்கிறார். கன்னத்தில் ஊசியின் வேகம் இறங்குவது போல எங்கோ சுருக்கென்று வலித்தது.

கொளஞ்சியம்மாள் எழுந்துவிட்டார். "நேரமாவுது, இன்னொரு நாளைக்கு வரேன்."

"இருங்க" என்றேன். குரல் கத்தலாக வந்தது. கவியரசன் திரும்பிப் பார்த்தார். "படம் பாக்காம போவாதீங்க. உக்காருங்க."

"வாணாம்மா" என்றார் அவர். கண்ணாலும் வேண்டாம் என்றார்.

பழைய டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். இரண்டாவது தடவைதான் செருக முடிந்தது. 'தமிழழகன்' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். திரை முழுக்கச் சின்னப் படங்கள் நிரம்பின. மலையும் அணைக்கட்டும், பட்டுப்புடவையில் நான், எனக்கு மோதிரம் போடுகிற அவர். எல்லாவற்றிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாம்மா இது? யாரு இந்தப் பையன்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொளஞ்சியம்மாள் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"எம் புள்ள" என்றார்.