காகம் பிந்திய தானம்

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் வந்தால் மேனகா அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவாள். அப்பேர்ப்பட்ட மனுசிக்கு முகம் தெரியாத ஒருவர் செத்துப்போய்க் கண்ணைக் கொடுத்திருந்தார். அந்தப் பாத்திரத்தில் எதைப் போட்டு, யாரிடம் திருப்புவது?

வலது கண்ணில் வெள்ளை படர்ந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல் மெசினை மூடி வைத்திருந்தவள் அவள். ஒப்பரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்தபோது அந்தக் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கணவர் கனகசபாபதியின் மூக்குக்குள் நரைத்திருந்த மயிர்தான். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே அழுதாள். தந்தவர் யார் என்று கேட்டதற்கு, "ஒரு புத்த சமயக் குடும்பம். அதுக்கு மேல சொல்ல ஏலாது அம்மா" என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

அதன் பிறகு ஊசியை எடுக்கும்போதெல்லாம் நன்றி வந்து தொண்டைக்குள் நின்றது. சொல்ல ஆள் இல்லாத நன்றியும் ஒரு பாரம்தான். மனுசி சரியாகச் சாப்பிடாமல் திரிவதைப் பார்த்து ஒருநாள் கனகசபாபதி வாய் திறந்தார்.

"செத்தவையின்ர பேரில தானம் குடுத்தா புண்ணியம் அவைக்குப் போய்ச் சேருமெண்டு புத்த சமய ஆக்கள் நம்புறவை. அவையின்ர கோயில், பன்சலைக்குச் சாப்பாடு குடுமன்."

வெள்ளவத்தையில் அவர்களுடைய மாடி பிளட்டிலிருந்து பாமன்கடைப் பக்கம் போனால், ஒரு ஒழுங்கையின் முடிவில் சின்னப் பன்சலை ஒன்று உண்டு. அங்கே ஒரேயொரு பிக்குதான் இருந்தார். மேனகா போய் விசயத்தைச் சொன்னாள். பேர் தெரியாதே என்று தயங்கினாள். பேர் இல்லாமலும் போய்ச் சேரும் என்றார் அவர். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவளுடையது என்று பேச்சாயிற்று.

வெள்ளிக்கிழமை விடியவே தலை தோய்ந்து, பூசணிக்காயும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பாயாசமும் வைத்து, நேரத்தோடே சமையலை முடித்துவிட்டாள். அங்கேதான் கோளாறு தொடங்கியது. செத்தவருக்கு என்று சமைத்ததைக் காகத்துக்கு வைக்காமல் எடுத்துக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை. பல்கனியில் வாழையிலையை வைத்து "கா கா" என்று கூப்பிட்டாள். காலி வீதிக் கடைவாசல்களில் மீன் ரோல்ஸ் தின்று வளர்ந்த காகங்கள் பூசணிக்காய்க்கு இறங்கி வருமா? எதிர்க் கூரையில் இருந்தபடி தலையைச் சாய்த்துப் பார்த்தன.

"பிக்குமார் பன்னிரண்டுக்கு முன்னம் சாப்பிட்டு முடிக்க வேணும், தெரியுந்தானே?" என்றார் கனகசபாபதி.

"எங்கட கோயில் அன்னதானம் பன்னிரண்டெண்டால் ரெண்டு மணிக்குத்தானே இலை போடுறவை. கொஞ்சம் பிந்தினால் என்னப்பா?"

கடைசியில் ஒரு நொண்டிக் காகம் வந்து பாயாசத்துக் கஜுப்பருப்பைக் கொத்திக்கொண்டு போனது. மேனகா சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். தெரு முழுக்க நெரிசல்.

பன்சலைக்குள் நுழைந்தபோது பிக்கு கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தாண்டிவிட்டது. இவளை நம்பி இன்னொரு வீட்டுச் சாப்பாட்டையும் அவர் வேண்டாம் என்றிருக்கிறார். இனி அவருக்கு நாளைக் காலைதான் சாப்பாடு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததே என்று மேனகாவுக்கு உடம்பு கூசியது. புண்ணியம் தேட வந்து ஒரு துறவியைப் பட்டினி போட்டுவிட்டாள். காகத்தின் கதையைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லி அழுதாள்.

பிக்குவுக்குச் சிரிப்பு வந்தது. "காகம் சாப்பிட்டதுதானே? அப்ப தானம் தொடங்கிவிட்டது. என் வயிறு பொறுக்கும் அம்மா. இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் நேற்றிலிருந்து அடுப்பு எரியவில்லை. நானும் அங்கேதான் போகிறேன், வாருங்கள்."

ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன. செத்த வீடு. தீட்டுக்குத் திரும்பவும் தோய வேண்டுமே என்று ஒரு கணம் நினைத்தவள், அந்த நினைப்புக்காகத் தன்னையே ஏசிக்கொண்டு உள்ளே போனாள். முன்னறையில் பெட்டிக்குள் வெள்ளை உடுப்போடு ஒரு முதியவர். பக்கத்தில் அவருடைய மகள் நிலூகா, வாடிப்போன முகத்தோடு இருந்தாள். சாப்பாடு என்றதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"பசியில்லை அன்ட்டி. அப்பாவின் கண் இரண்டையும் நேற்றே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் எப்போதோ எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் பார்க்க மாட்டாமல் வெளியே ஓடிவிட்டேன். அப்பாவை இருட்டுக்குள் அனுப்பிவிட்டேன் போல இருக்கிறது."

மேனகா கரியரை நிலத்தில் வைத்தாள். நிலூகாவுக்கு அருகில் குந்தி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இங்க பார் மகள். இந்த வலது கண் உங்கட ஆக்கள் ஆரோ தந்தது. இருட்டில்லை. உன்ர முகம் எனக்கு வடிவாத் தெரியுது."

பாதி தமிழில், பாதி சிங்களத்தில்தான் சொன்னாள். நிலூகாவுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கண்ணையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேனகாவின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

மேனகா எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் கைகூப்பினாள். நன்றி அவளுக்குத் தமிழில்தான் வந்தது.

"ஐயா, உங்கட கண் கிடைக்கிற ஆள் ஆரிட்டச் சொல்லுறதெண்டு தெரியாமல் தவிக்கப்போகுது. அந்த ஆளுக்காகவும் சேர்த்து நான் சொல்லுறன். பெரிய உபகாரம் ஐயா. எனக்குக் கண் தந்த ஆளை அங்க கண்டால், நான் சுகமாத் தைக்கிறன் எண்டு சொல்லிவிடுங்கோ."

இவ்வளவு நாளும் தொண்டைக்குள் நின்றது இறங்கிப் போனது. பிக்கு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செத்தவருக்காகப் பிரித் ஓத உட்கார்ந்தார்.

நிலூகா கொஞ்சம் சாப்பிட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மிச்சத்தை வந்திருந்தவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். மேனகா புறப்படும்போது கரியரைக் கழுவிக்கொண்டு வந்த நிலூகா, கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. குசினிப் பக்கம் பார்த்தாள். போட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"வெறுமையாக எப்படித் தருவது அன்ட்டி?"

மேனகா கரியரைத் தானே எட்டி வாங்கிக்கொண்டாள்.

"பரவாயில்லை மகள்," என்றாள். "நான் முதலே வாங்கிப்போட்டன்."