சேர்த்தவர் கையெழுத்து

என் கடைக்கு வரும் காகிதம் எதையும் படித்துப் பார்க்காமல் நகல் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. தப்புதான், தெரிகிறது. ஆனால் கண் முன்னால் ஓடுவதைப் பார்க்காமல் இருக்க நான் என்ன மெஷினா? மனநல மருத்துவமனை வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளே ஃபார்ம் தீர்ந்துபோனால் அலுவலக குமாஸ்தா ஓடிவருவது என்னிடம்தான். அப்படித்தான் நாலாம் நம்பர் ஃபார்ம் எனக்கு மனப்பாடம் ஆனது. குணமான நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் ஃபார்ம் அது. அடியில் ஒரே ஒரு கட்டம்: ‘சேர்த்தவர் கையெழுத்து.’

அந்தக் கட்டத்தில்தான் என் அக்கா பதினொரு வருடமாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். மூன்று மாதம் பொட்டுத் தூக்கம் இல்லாமல் தவித்தபோது அவள் புருஷன் கொண்டுவந்து இங்கே சேர்த்தான். எட்டாவது மாதமே, ‘குணமாகிவிட்டது, அனுப்பலாம்’ என்று டாக்டர் எழுதிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய அந்த மகராசன் அதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு கம்பி நீட்டிவிட்டான். கூடப்பிறந்தவள் நான் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், நான் போடுகிறேன் என்றால் குமாஸ்தா உதட்டைப் பிதுக்குவார். “நீங்க சேர்க்கலையேம்மா.” இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் பெஞ்சில் என்னைப் போல இன்னும் பதின்மூன்று குடும்பம் இருந்தது. அதில் ஒருவர் பஸ் கண்டக்டர். அவர் தம்பியைச் சேர்த்தது அவர்களுடைய அப்பா. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம். “எங்கப்பா எழுந்து வந்து கையெழுத்துப் போடணுமாம், ஜெராக்ஸ்! எந்த பஸ்ல வருவாருன்னு மட்டும் சொல்லுங்க, நானே டிக்கெட் கிழிச்சுக் கூட்டிட்டு வர்றேன்” என்பார். சிரிப்போம். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய் அழுவோம்.

ஒருநாள் ஒரு வக்கீலம்மா கடைக்கு வந்து கட்டுக் காகிதம் நீட்டினார். வழக்கம்போல மூக்கை நுழைத்தேன். ஒவ்வொரு நாடும் தன் மக்களை எப்படி நடத்துகிறது என்று நாலரை வருடத்துக்கு ஒருமுறை மற்ற நாடுகள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கின்றன; அடுத்த வருடம் எங்கள் முறை; மக்கள் அமைப்புகளும் அறிக்கை அனுப்பலாம். இவ்வளவும் அதில் இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“அது கோர்ட்டா வக்கீலம்மா?”

“இல்லை.”

“ஜெயில்ல போடுவாங்களா?”

“யாரும் யாரையும் போட முடியாது.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கேள்வி வந்தா எழுந்து நின்னு எதையாவது பதில் சொல்லியாகணும். சொன்னது பதிவாகும். அவ்வளவுதான்” என்றார்.

பத்து வருடத்தில் எனக்கு ஒரு பதிலும் கிடைத்ததில்லை. என்னதான் சொல்வார்கள், பார்த்துவிடலாமே என்று ஆசை வந்துவிட்டது. எங்கள் கதையையும் எழுதி அனுப்பச் சொல்லி வக்கீலம்மாவை லேசில் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுக் கூட்டத்தின் பெயரிலேயே அறிக்கை அனுப்புவது என்று முடிவானது. நான் ஒன்பது பக்கம் எழுதினேன். வக்கீலம்மா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். மொத்த அறிக்கையே மூவாயிரம் வார்த்தையைத் தொடக்கூடாதாம்.

“அக்கா எடுத்துட்டு வந்த பெட்டி நீல நிறம்னு போட்டிருக்கீங்க. அது எதுக்கு?”

“நீலம்தானே? பொய்யா எழுதினேன்?”

“பொய் இல்லம்மா. இடம் இல்ல.”

கடைசியில் அக்காவுக்குக் கிடைத்தது ஒன்றரை வரி. கண்டக்டர் தம்பிக்கு ஒரு வரி. எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் வீட்டுக்குப் போய் அந்த ஒன்றரை வரியை மறுபடி படித்தபோது, என் ஒன்பது பக்கத்தைவிட அதுதான் நறுக்கென்று இருந்தது. சொன்னால் வக்கீலம்மாவுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

அறிக்கை அனுப்பினால் மட்டும் போதாது, அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நாடு வேண்டும் என்றார் அவர். மாப்பிள்ளை தேடுவதைவிட மோசம் இது. பதினேழு தூதரகங்களுக்குக் கடிதம் போட்டோம். நான்கு கூப்பிட்டன. ஒன்றில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றில், தங்கள் நாடு இந்த முறை ஆற்றுநீரைப் பற்றித்தான் கேட்கும் என்றார்கள். ஒன்றில் வரவேற்பறையோடு சரி.

நான்காவது, நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு குட்டி நாடு. ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் இரண்டு அறை; நானும் கண்டக்டரும் போனோம். அங்கிருந்த அதிகாரிப் பெண்ணுக்குப் பலத்த ஜலதோஷம். எங்கள் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்த ஃபார்ம் இருக்கிறதா?” என்று கேட்டார். ஜெராக்ஸ்காரியிடம் இல்லாமலா? எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

“சேர்த்தவர் இறந்தால்?”

“அதைத்தான் மேடம் நானும் கேக்கிறேன்” என்றார் கண்டக்டர்.

“சேர்த்தவர் ஓடிப்போனால்?”

“அதைத்தான் நான் கேக்கிறேன்” என்றேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என் தலைநகர் சம்மதிக்க வேண்டும். வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்றார். ஃபார்மை மட்டும் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம், அந்த மண்டபத்தில் எங்கள் நாட்டின் முறை வந்த அன்று பிற்பகல் பதினான்கு குடும்பமும் என் கடையில். உட்கார இடமில்லை. பேப்பர் பண்டல்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டரில் நேரடி ஒளிபரப்பு. ஒரு நாட்டுக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான். முடிந்தால் மைக் பொசுக்கென்று அணைந்துவிடும். நாற்பது நாடு பேசியது. நாற்பதும் முதலில் எங்கள் அரசாங்கத்தைப் பாராட்டின. “வந்த வேலையை விட்டுட்டு இவங்க ஏன் பல்லக்குத் தூக்குறாங்க?” என்று கண்டக்டர் பல்லைக் கடித்தார்.

குட்டி நாட்டின் முறை வந்தது. சம்பிரதாயப் பாராட்டு இரண்டு வரி. பிறகு: “குணமான நோயாளியைச் சேர்த்தவர் இல்லாமல் போனால், வேறு யார் கையெழுத்திட்டு அவரை வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று அறிய விரும்புகிறோம்.”

பக்கத்தில் யார் கையைப் பிடித்தேன் என்றே தெரியவில்லை.

எங்கள் நாட்டுக் குழுவின் தலைவர் காகிதங்களைப் புரட்டினார். பின்னால் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார்: “சேர்த்தவர்தான் வர வேண்டும் என்ற விதி எங்கள் நாட்டில் இல்லை. இரத்த உறவினர் யார் வந்தாலும் அன்றே அனுப்பிவைக்கிறோம்.”

கண்டக்டர் வெடித்தார். “அடப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறானே!” ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒரு அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். வக்கீலம்மா மட்டும் கன்னத்தில் கை வைத்தபடி புன்சிரிப்போடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க வக்கீலம்மா, பொய் சொல்றான், நீங்க சிரிக்கிறீங்க?”

“பொய்தான். ஆனா வசமா சொல்லிட்டாரு. இப்ப அது அவங்க சொன்ன வார்த்தை.”

எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

பதிவு எழுத்தில் வந்த அன்றே பதினான்கு நகல் எடுத்தேன். தெருவைக் கடந்து நேராகக் குமாஸ்தா மேஜைமேல் போட்டேன்.

“இது சர்க்குலர் இல்லையேம்மா.”

“உங்க பெரியவர் ஊரறியச் சொன்னது. இல்லைன்னு எழுதிக் கொடுங்க, போயிடறேன்.”

அவர் எழுதவில்லை. கண்காணிப்பாளரிடம் ஓடினார். கண்காணிப்பாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். தலைமை அலுவலகம் அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. தங்கள் பெரியவர் சொன்னது பொய் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல எங்கேயும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஒன்பதாவது நாள் குமாஸ்தா கடைக்கு வந்தார். “வாங்கம்மா” என்றார்.

நாலாம் நம்பர் ஃபார்மில் ‘சேர்த்தவர்’ என்பதைப் பேனாவால் அடித்து, மேலே ‘தங்கை’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன். பதினொரு வருடம் இதற்காகத்தான் நாயாய் அலைந்தேன். கண்ணீர் விட்டால் மை கலைந்துவிடுமோ என்று தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

அக்காவை அழைத்து வந்தார்கள். கையில் ஒரு துணிப்பை. என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மேஜையிலிருந்த ஃபார்மை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள்.

“இதுல நான் எங்கடி?”

“மேல பாருக்கா. உன் பேரு, வார்டு, கட்டில் நம்பர் எல்லாம் இருக்கே.”

“அது என்னைப் பத்தி. நான் எங்க?”

“நோயாளி கையெழுத்து தேவையில்லம்மா” என்றார் குமாஸ்தா.

அக்கா என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “உலகத்துக்கே கேள்வி அனுப்பினீங்கன்னு வார்டுல பேசிக்கிட்டாங்க. என்ன கேட்டீங்க?”

“சேர்த்தவர் இல்லன்னா வேற யாரு கையெழுத்துப் போடலாம்னு.”

“போறவங்ககிட்ட கேக்கணும்னு யாரும் எழுதலையா?”

எழுதவில்லை. நான் எழுதவில்லை. என் ஒன்பது பக்கத்தில் பெட்டியின் நிறம் இருந்தது, இது இல்லை. எத்தனை ஞாயிறு அவள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கிறேன்! ஊருலகத்தில் எல்லாவற்றையும் நோண்டிக் கேட்கிறவள், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

“இப்ப கேக்கறேன்க்கா” என்றேன். “வீட்டுக்கு வர்றியா?”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள், தன் துணிப்பையைப் பார்த்தாள், யோசித்தாள். அந்த நேரம் முழுக்க, மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

“வர்றேன்” என்றாள். “பேனாவைக் கொடு.”

என் கையெழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த வெற்றிடம் முழுவதையும் அடைத்துத் தன் பெயரை நிதானமாக எழுதினாள். “ஐயோ, அங்க சீல் வைக்கணும்மா!” என்று குமாஸ்தா பதறினார். அவள் எழுதி முடித்து, தேதியும் போட்டுவிட்டுத்தான் பேனாவை மூடினாள்.

குமாஸ்தா ஃபார்மை எடுத்து அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தார். பிறகு சீலைப் பின்பக்கம் வைத்தார்.