முன் சீட்டில் மூட்டை

வரைபடம் போட்டு விற்கிறவன் ஒருநாளும் அந்த ரோட்டில் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். லாரிக்காரர் அப்படித்தான் நினைத்தார். காகிதத்தில் மலை என்றால் ஒரு பச்சைத் திட்டு, இறக்கம் என்றால் ஒரு கோணல் கோடு. கோடு போட்டவனுக்கு என்ன, கையா உடையும்?

சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாட்டின் வரைபடத்தை விரித்து, மூலைக்கு ஒரு டம்ளர் வைத்து அழுத்தியிருந்தார். அந்த நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிமெண்ட் ஏற்றி ஓட்டியே தலை நரைத்தவர்தான். ஆனால் பார்த்தது என்ன? முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம். அங்கே ஏரி இருக்கிறது, பழைய ராஜா கட்டிய கல்பாலம் இருக்கிறது, மலை உச்சியில் ஒரு கோட்டை இருக்கிறது என்பதெல்லாம் மனைவி சொல்லித்தான் தெரியும். லாரியை விட்ட பிறகு ஒரு சின்னக் கார் வாங்கினார், பழசுதான். அவசரமில்லாமல், நினைத்த இடத்தில் நிறுத்தி, அந்த நாட்டை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் என்றாள். அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அவர் பென்சிலால் போட்டிருந்த வழியில் அவள் விரலை ஓட்டிக்கொண்டே போனாள்.

"ஏங்க, இதுல ஏரி எங்க?"

"ஏரிக்கரை ரோடு குறுகல். இப்படிச் சுத்திட்டா சல்லுன்னு போயிடலாம்."

"கல்பாலம்?"

"பாரம் தாங்காது."

"கோட்டை?"

"அந்த ரோட்டுல லாரி விடமாட்டான்."

அவள் நிமிர்ந்தாள். "நாம என்ன லாரியிலயா போறோம்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தார். அவர் போட்ட கோடு, லாரியை எடை போடுகிற இடத்தையும் டீசல் பங்க்கையும் குடோன் தெருவையும் தொட்டுக்கொண்டு போனதே தவிர, அவள் கேட்ட ஒரு இடத்துக்கும் போகவில்லை.

"பழக்க தோஷம்" என்று முனகினார்.

ஏரியையும் பாலத்தையும் விட்டது பழக்க தோஷம்தான். கோட்டையை விட்டது தெரிந்தேதான். அதை அவர் சொல்லவில்லை.

காலையில் அவளுடைய அண்ணன் வந்து போயிருந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், உட்காரக்கூட நேரமில்லாத ஆள். "தங்கச்சி, எங்க வேன்ல ஒரு சீட்டு காலியா இருக்கு. மாப்பிள்ளை திட்டம் போட்டு முடிக்கிறதுக்குள்ள கோட்டையே இடிஞ்சு விழுந்துடும். சாயங்காலம் போன் பண்றேன், வர்றியான்னு சொல்லிடு." அவள் சிரித்தாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் லாரிக்காரருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"மலை ஏறணும்னா அண்ணன்கூடத்தான் போகணும்போல" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

மலை அவருக்குப் புதுசா என்ன? இருட்டிலும் மழையிலும் இறக்கியிருக்கிறார். ஆனால் அப்போது பின்னால் இருந்தது சிமெண்ட். கவிழ்ந்தால் முதலாளிக்கு நஷ்டம், தன் உயிர் தன்னோடு. போன வாரம் இவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, ரயில் பாலத்துச் சின்னச் சரிவில் அவர் கால் தானாகப் பிரேக்கில் ஏறி வெடவெடவென்று நடுங்கியது. இந்தச் சரக்கு உடைந்தால் எந்த முதலாளி மாற்றித் தருவான்?

மதியம் அவள் படுத்த பிறகு, கொல்லையில் மிச்சமிருந்த மணலை ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி, முன் சீட்டில் ஏற்றி, பெல்ட்டும் போட்டார். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓட்டினார். ஊரில் மலை என்று சொல்ல அது ஒன்றுதான். ஏறி இறங்கினார். கால் நடுங்கவில்லை. மறுபடி ஏறி இறங்கினார். நடுங்கவில்லை. மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். மணலுக்கு என்ன தெரியும், பயமா, பாசமா?

அடுத்த முறை இறங்கியபோது மேட்டின் அடியில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து எழுப்பினா. உங்க வீட்டுக்காரர் யாரையோ பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு ஏறி ஏறி இறங்குறாருன்னு. யாரு அந்த அழகி?"

"நீதான்."

அவள் எட்டிப் பார்த்துச் சாக்கைத் தட்டினாள். "இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"குறைச்சுத்தான் போட்டேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்னை வச்சுக்கிட்டு மலை இறங்க எனக்குப் பயமா இருக்கு." சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்டதுபோல வந்தது அந்த வார்த்தை.

அவள் சிரிப்பு நின்றது. மூட்டையின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "இதை இறக்குங்க" என்றாள்.

மூட்டை இறங்கியது. அவள் ஏறினாள்.

மேலே போய்த் திருப்பியதும் வீடுகளெல்லாம் தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கீழே கிடந்தன. அவர் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"நிறுத்துங்க!"

வண்டி குலுங்கி நின்றது. "என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அந்த மரத்தைப் பார்க்கணும்."

சரிவில் காரணமில்லாமல் வண்டி நிறுத்தியதே இல்லை அவர். இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அவள் மரத்தைப் பார்த்தாள். அவர் கல்லைப் பார்த்தார். கல் அசையவில்லை. கிளம்பும்போது அவள் அந்தக் கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதுவும் நம்மகூட வரட்டும்."

பாதி இறக்கத்தில் அவள் போன் அடித்தது.

"சொல்லுண்ணே... அந்தச் சீட்டை வேற யாருக்காவது குடுத்துடு. ஆமா, கோட்டைக்குத்தான். எப்போ போய்ச் சேருவோமா? நீங்க பார்த்துட்டுத் திரும்புறப்போ நாங்க எதிர்ல ஏறி வருவோம். ஹாரன் மட்டும் அடிக்காதே, அவருக்குப் பதறும்."

கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முதல் கியரை அவர் மாற்றவே இல்லை. பின்னால் வந்த ஒரு சைக்கிள்காரன் வழி கேட்டு மணி அடித்தான். ஒரு வண்டிக்கும் வழிவிடாதவர் என்று லாரி ஷெட்டில் பெயர் வாங்கியவர், போய்த் தொலை என்று ஓரம் ஒதுங்கிக் கொடுத்தார்.