அந்தூலாவின் நீலக்கரைத் தட்டு

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்திலும் தொடங்கவில்லை. செம்மறியாட்டு வெண்ணெயும் கோதுமை மாவும் முதன்முதலாகச் சேர்ந்த அந்தப் புனிதக் கணத்தில், இந்தத் தீவில், எங்கள் ஊரில்தான் அது தொடங்கியது. இப்படிச் சொல்பவர் எங்கள் ஊர்ப் பண்பாட்டுக் கழகத்தின் தலைவர் கிளியாந்திஸ், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று, இரண்டு விரல்களுக்கு நடுவில் குராபியே என்கிற வெண்ணெய்ப் பலகாரம் ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொல்வார். அவர் வீட்டுக் குராபியே பெருநகரத்துப் பேரங்காடியிலிருந்து தகர டப்பாவில் கப்பலேறி வருகிறது. டப்பாவைச் சுமந்துவந்து இறக்குகிறவர்களும் முற்றத்தில் நின்று கைதட்டுவார்கள்.

கழகத்தின் தலையாய சாதனை, ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் பளிங்குப் பலகை. 'கல்லிரோயிப் பாட்டியின் குராபியே' என்று மேலே பெரிதாகச் செதுக்கியிருக்கும். கீழே வெண்ணெய் இவ்வளவு, வறுத்த பாதாம் இவ்வளவு, ஊசோ சாராயம் ஒரு சிறு கோப்பை, ரோஜாத் தண்ணீர். அதற்குக் கீழே 'மாவு' என்று இருக்கும். மாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. ஆறு வருடமாக அந்த இடம் வழவழவென்று காலியாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஏதோ தத்துவம் என்று நினைக்கிறார்கள் போல.

கல்லிரோயி என் மனைவி எவந்தியாவின் பாட்டி. நான் மாப்பிள்ளையாக வந்தபோது உயிரோடு இருந்தாள். மாவு எவ்வளவு என்று யார் கேட்டாலும் "அது கேக்குற வரைக்கும் போடு" என்பாள். இந்தத் தீவில் எல்லாக் கிழவிகளும் அப்படித்தான் சொல்வார்கள். அதையே செதுக்கியிருக்கலாம். "பளிங்கில் 'கேக்குற வரைக்கும்' என்று எழுதினால் பக்கத்துத் தீவுக்காரன் சிரிப்பான், இது விஞ்ஞான யுகம், கிராம் வேண்டும்" என்றார் கிளியாந்திஸ். சமையல் தெரிந்த பேத்திகள் இருவரையும் கழகத்துக்கு அழைத்து, மேசையில் தராசு வைத்தார். எவந்தியா ஒரு கிலோ என்றாள். அவள் தங்கை அந்தூலா, "ஒரு கிலோவா? பல்லு ஒடைஞ்சிடும். எண்ணூறு" என்றாள். இருவர் சொன்னதும் உண்மைதான். எவந்தியாவுக்கு உள்ளங்கை எப்போதும் சூடு. வெண்ணெய் இளகி, மாவு அதிகம் கேட்கும். அந்தூலாவின் கை மீன்காரி கை மாதிரி சில்லென்று இருக்கும். இதை நான் சொல்ல வாய் திறப்பதற்குள் பேச்சு மாவைத் தாண்டிப் போய்விட்டது. "நீ பாட்டிகிட்ட கத்துக்கிட்டவ இல்லடி, திருடித் தின்னவ" என்றாள் அக்கா. "நீ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போனப்புறம் பாட்டியக் குளிப்பாட்டினது யாரு, கிளியாந்திஸ் சாரா?" என்றாள் தங்கை. அத்தோடு நின்றது. மாவும் நின்றது, பேச்சும் நின்றது.

நின்ற பேச்சு நிற்பதற்கு வசதியான இடமும் இல்லை. பாட்டியின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துத்தான் இரண்டு பெண்களுக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். நான் குழாய் வேலைக்காரன், சுவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். அது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அந்தூலா தும்மினால் இந்தப் பக்கம் நான் "ஆயுசு நூறு" என்று சொல்லி, மனைவியிடம் முறைப்பு வாங்குவேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு வெண்ணெய் அடிக்கிற நாளில் இரண்டு பக்கமும் மரக்கரண்டி மண்சட்டியில் மோதும் சத்தம் கேட்கும். வெண்ணெய் வெளுத்துப் பொங்கும் வரை அடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தூலா நிறுத்தினால் எவந்தியாவும் கை ஆற்றுவாள். அவள் தொடங்கினால் இவளும் தொடங்குவாள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சண்டைக்கு முந்தைய வாரம் அந்தூலா எங்களுக்குப் பூசணி அடை கொடுத்தனுப்பிய நீலக்கரைத் தட்டு எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்புவது இந்த ஊரில் செத்த வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு போவது மாதிரி. எதையாவது வைத்துத் திருப்பினால் தோற்ற மாதிரி. ஆகவே தட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எவந்தியா வாரம் ஒருமுறை அதை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். யாரும் சாப்பிடாத தட்டில் அப்படி என்ன அழுக்கு சேரும் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருடம் அடுப்பு மூட்டி, வெண்ணெய்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கரண்டியைப் போட்டாள். கொஞ்சம் அடித்துவிட்டு நிறுத்தினாள். மறுபடி அடித்தாள். மறுபடி நிறுத்தினாள்.

"சத்தமே இல்லையே" என்றாள்.

"என்ன சத்தம்?"

"உனக்குக் காது இருக்கா, இல்ல குழாய வச்சு அடைச்சிட்டியா? அவ வெண்ணெ அடிக்கல. செத்துக்கித்துப் போயிட்டாளா?"

"காலையிலகூட கோழியத் திட்டிக்கிட்டிருந்தா."

"அப்ப உசுரோடதான் இருக்கா" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வலது கை ஒடிஞ்சிருக்கு. துறைமுகப் படியில வழுக்கி விழுந்துட்டாளாம். நேத்துக் கப்பல்லதான் மாவுக்கட்டோட வந்து எறங்கினா."

"இத எப்பச் சொல்லலாம்னு இருந்த ஸ்தமாத்தி? ஈஸ்டருக்கா?"

"அவ பேர எடுத்தா நீ கையில கெடச்ச தட்டத் தூக்கி எறியிறியே."

"எறிஞ்சா என்ன? குனியத் தெரியாதா உனக்கு?"

அவள் சுவர்ப்பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெண்ணெயை அடித்தாள். அவ்வளவு சத்தமாக ஒருபோதும் அடித்ததில்லை. பாதாமைக் கொட்டினாள், ஊசோ ஊற்றினாள், மாவு கேட்கிற வரைக்கும் போட்டாள். பிறைநிலா பிறைநிலாவாகப் பிடித்து, சிவக்காமல் வெளுப்பாகவே சுட்டு எடுத்து, சூட்டோடு ரோஜாத் தண்ணீர் தெளித்தாள். கண்ணெல்லாம் சுவரில் இருந்தது. கையை மட்டும் அலமாரிக்குள் விட்டு டப்பாவை எடுத்து, சல்லடையில் கொட்டி, பனி விழுந்த மலை மாதிரி ஆகும் வரை பொடிச் சர்க்கரையைத் தூவினாள்.

அது சர்க்கரை இல்லை. பக்கத்து டப்பாவில் பால்கூழுக்காக வைத்திருந்த சோளமாவு. இரண்டும் வெள்ளை, இரண்டும் மெது. வேறு எந்த ஊரிலும் ஒரு விரலை நக்கியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நாற்பது நாள் நோன்பு முடிய இன்னும் பொழுது இருந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கு முன்னால் வெண்ணெய் பட்ட எதுவும் எங்கள் நாக்கில் படக்கூடாது. ஊரெல்லாம் இனிப்புச் சுடும், ஒருத்தரும் ருசி பார்க்க மாட்டார்கள். எங்கள் பக்தி அப்படி. ஒருத்தர் பார்க்கிற இடத்திலாவது.

நீலக்கரைத் தட்டை இறக்கினாள். கோபுரமாக அடுக்கினாள்.

"நான் குடுத்து விட்டேன்னு சொல்லாத."

"பின்ன நான் சுட்டேன்னு சொல்லவா?"

"தட்டத் திருப்பிக் குடுக்க வந்தேன்னு சொல்லு. வெறுந்தட்டாக் குடுக்கக் கூடாதேன்னு சும்மா நாலு வச்சிருக்குன்னு சொல்லு."

அந்த நாலைச் சுமந்துகொண்டு, சரியாமல் இருக்கத் தாடையால் அண்டைகொடுத்து, பக்கத்து வாசலுக்குப் போனேன். அந்தூலா கறுப்பு உடையில், கழுத்திலிருந்து தொங்கும் வெள்ளைக் கட்டோடு கதவைத் திறந்தாள். அவள் கணவன் கடலில் மூழ்கிப் போனதிலிருந்து கறுப்புதான்.

"என்ன அத்தான், வழி தப்பிட்டீங்களா?"

"தட்டு... குடுத்துட்டுப் போலாம்னு."

"ஓ, தட்டா! ஒடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். அக்கா கையில எதுதான் தங்கும்?" குனிந்து முகர்ந்தாள். "ரோஜாத் தண்ணி ஜாஸ்தி." இடது கையால் தட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா எப்படி இருக்கா?" என்றாள்.

"அப்படியேதான் இருக்கா."

"சிரிச்சா முன்பல்லு ரெண்டும் முயல் மாதிரி முன்னால வந்து நிக்குமே. ஊரே அதச் சொல்லித்தான் அவளக் கேலி பண்ணும். அதுவுமா?"

"அதுவும்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அந்த இரண்டு முயல்களும் அவற்றின் சொந்தபந்தங்களும் போய் இரண்டு வருடம் ஆகிறது. எவந்தியா போட்டிருப்பது நகரத்தில் செய்த பல்செட். அது எனக்கும் பல் டாக்டருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். ஆண்டவரிடம்கூட அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் முதல் வேலையாக அதைக் கழற்றிக் குவளைத் தண்ணீரில் போடுவாள். வாசல்மணி கேட்டால் நான் ஓடிப்போய்ப் பேச்சுக் கொடுத்து நிறுத்த வேண்டும், அவள் மாட்டிக்கொள்ளும் வரை.

திரும்பி வந்ததும் "என்ன சொன்னா?" என்றாள்.

"ரோஜாத் தண்ணி ஜாஸ்தியாம்."

"திமிரு கொறையல பாரு" என்றாள். அன்று முழுவதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் பூசை விடிவதற்குள் தொடங்கி வெயில் வந்தபோது முடிந்தது. முற்றத்தில் கழகத்தின் மேசை, மேசை மேல் எவந்தியாவின் தாம்பாளம். கிளியாந்திஸ் நாகரிகத்தின் தோற்றத்தை வழக்கம்போல் விளக்கிவிட்டு, "இதோ, நம் முன்னோரின் இனிமை!" என்று கண்ணை மூடிக் கடித்தார். மூடிய கண்ணைத் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. மீசையெல்லாம் சோளமாவு. "வார்த்தை வரவில்லை" என்றார். வந்திருக்காது, அண்ணத்தில் ஒட்டியிருக்கும். ஊரே கடித்தது. ஊரே மென்றது. பாதிரியார் இருமிவிட்டுச் சிலுவைக்குறி போட்டார். ஒவ்வொருவராக எவந்தியாவின் கையைப் பிடித்து, "பாட்டி கையேதான்", "இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இல்ல" என்றார்கள். இரண்டாவதாகச் சொன்னது பொய் இல்லை. நானும் கடித்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "பிரமாதம்" என்றேன். அவள் சாப்பிடவில்லை, துகள் பல்செட்டுக்கு அடியில் போனால் உயிர் போகும், நாலு பேர் முன்னால் கழற்றவும் முடியாது. புகழ்ச்சியெல்லாம் கேட்டபடி கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தூலா பின்வரிசையில் நின்று, பூசை முடிந்த உடனே போய்விட்டிருந்தாள்.

மிச்சத் தாம்பாளத்தோடு வீட்டுக்கு வந்து, மேலங்கியைக் கழற்றி, மற்றதையும் கழற்றிவிட்டுக் காப்பி போட்டாள். ஒரு குராபியேயை நனைத்துச் சாப்பிடலாம் என்று எடுத்தபோது சுவரில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். மரக்கரண்டி. இடது கையால் அடித்ததால் தாளம் கோணலாக இருந்தது. பிறகு வாசற்படியில் ஏதோ வைக்கிற ஓசை, பக்கத்துக் கதவு சாத்தும் ஓசை.

போய்ப் பார்த்தேன். நீலக்கரைத் தட்டு, மேலே ஒரு துணி. அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தேன். எவந்தியா துணியை எடுத்தாள். தட்டில் பலகாரம் ஒன்றும் இல்லை. வெறும் பொடிச் சர்க்கரை, கூம்பாக, கரை தொட்டு.

அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு கையிலிருந்த குராபியேயின் முதுகை நக்கிப் பார்த்தாள்.

"நீ தின்ன" என்றாள் மெதுவாக.

"தின்னேன்."

"பிரமாதம்னு சொன்ன."

"ஊரே சொல்லிச்சு."

"ஊரு சொல்லும். பளிங்கக் குடுத்தாலும் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லும்." அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நான் நின்றேன். "ஆறு வருஷமா நான் சுடுறதுல ஒருத்தரும் ஒரு கொற சொல்லல ஸ்தமாத்தி. ஒருத்தரும் சொல்லல."

தாம்பாளத்தை இழுத்து, மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தட்டினாள்; மேசையெல்லாம் சோளமாவு பறந்தது. ரோஜாத் தண்ணீரைத் தெளித்தாள், கையை நிறுத்திப் பார்த்துவிட்டுப் பாதிக்குப் பாதி குறைத்துக்கொண்டாள். அந்தூலாவின் சர்க்கரையைக் கையால் அள்ளிப் புரட்டினாள். அதே தட்டில் அடுக்கினாள். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"நீ தள்ளு" என்றாள்.

மேலங்கிகூடப் போடவில்லை, வீட்டுச் செருப்போடு போனாள். பின்னால் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நான் எங்கள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். காற்று தட்டிலிருந்து சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பி அவள் முடியில் போட்டது. கை இரண்டும் தட்டில் இருந்ததால் காலால் கதவை உதைத்தாள். கதவு திறந்தது. அந்தூலாவின் கறுப்பு உடையின் மார்பெல்லாம் வெள்ளையாக இருந்தது. எவந்தியா வாய் நிறையச் சிரித்தாள், ஆறு வருடத்தில் முதல்முறையாக, தங்கையின் முகத்துக்கு நேராக.

பல்செட் எங்கள் சமையலறையில், குவளைத் தண்ணீரில் இருந்தது.