ஸ்மரந்தாவின் ஞானத்தாய்

"அந்தத் துணியக் கீழ வை. கொழந்தையத் தொடுற கை இல்ல அது" என்றான் தோரு.

ஒத்திலியாவின் கையில் இருந்தது மறுநாள் ஞானஸ்நானத்துக்கு அவளே வாங்கி, ஓரத்தில் அவளே லேஸ் வைத்துத் தைத்த வெள்ளைத் துணி. மேசைமேல் அவள் கொண்டுவந்த நீள மெழுகுவர்த்தி, எண்ணெய்க் குப்பி, பிள்ளைக்குச் சட்டை, தொப்பி. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் கொண்டுவர வேண்டியது எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. ஞானத்தாய் மட்டும் வேண்டாமாம்.

ருமேனியாவில், யாஷ் நகரத்து அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடிச் சமையலறை அது. கோஸ் இலைக்குள் கறியை மடித்துக்கொண்டிருந்த தாய் வியோரிகாவின் கை அப்படியே நின்றது. தங்கை இலிங்கா ஆறு வாரக் குழந்தை ஸ்மரந்தாவை மடியில் வைத்துப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடி பராஸ்கிவாவும் இருந்தாள். உப்பு கேட்டு வந்தவள். உப்பு கிடைத்துக் கால்மணி நேரமாகியும் அவளுக்குப் படி இறங்க மனம் வரவில்லை.

"என்ன மாப்ளே பேச்சு இது?" என்றாள் வியோரிகா.

"ஒங்க பொண்ணையே கேளுங்க அத்தை. அமெரிக்காக்காரன் தொலைச்ச பெட்டியப் போன்ல தேடிக் குடுக்குற வேலையாம்! கேமரா முன்னாடி துணிய அவுக்குற வேலை. ஒலகமே பாக்குது."

தோரு இலிங்காவின் கணவன். ஸ்பெயினில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே தக்காளி பறிக்கிறவன். பிள்ளையைப் பார்க்க மூன்று நாள் முன்புதான் வந்திருந்தான். வந்ததும் சாமி படங்களையெல்லாம் முத்தமிட்டான்.

மூன்று வருடமாக ஒத்திலியா விடியுமுன் கிளம்பி மத்தியானம் திரும்புவதை அந்தப் படிக்கட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். விமான கம்பெனி, அமெரிக்க நேரம் என்று அவள் சொல்லியிருந்தாள். நேரம் மட்டும் நிஜம். அங்கே வேலை முடிந்து, சாப்பிட்டு, தனியாக உட்கார்ந்து சலித்தவன் திரையைத் திறக்கும்போது இங்கே பால் வண்டி வரும். கண்ணைச் சுற்றிய கருவளையத்தை அப்பி மறைத்துக்கொண்டு "குட் ஈவினிங்" சொல்ல வேண்டும். அவர்களுடைய பண்டிகை நாளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பண்டிகையன்று போக இடமில்லாதவர்கள்தான் அதிகம் வருவார்கள்.

எந்த நாட்டுக்காரன் பார்க்கக் கூடாதோ அந்த நாட்டை அந்த இணையதளத்தில் பூட்டி வைக்கலாம். முதல் நாளே ருமேனியாவைப் பூட்டினாள். பிறகு சித்தி மகன் இருக்கிற இத்தாலி. ஸ்பெயினையும் பூட்டப் போனபோது, அவள் கேமரா முன் உட்காரும் ஸ்டூடியோவின் மேலாளர், "எல்லாத்தையும் பூட்டிட்டு செவுத்தோட பேசிக்கிட்டு இரு" என்றான். அவளும் கணக்குப் போட்டாள்: நமக்கு ஐந்து மணி என்றால் ஸ்பெயினில் நான்கு. தக்காளி பறிக்கிறவன் அந்த நேரத்தில் செத்தவன்போலத் தூங்குவான். கடிகாரத்தை நம்பினாள். மனுஷனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"யாரு சொன்னது ஒனக்கு?" என்று கேட்டாள் இப்போது.

"ஊரே சொல்லுது."

"இந்த ஊர்ல எவனாலயும் பாக்க முடியாது. பூட்டி வச்சிருக்கேன்."

வியோரிகா முதுகுப்பக்கம் கையால் துழாவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். 'பூட்டி வச்சிருக்கேன்' என்ற சொல்லை பராஸ்கிவா உப்போடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

தோருவுக்கு வேகம் வந்துவிட்டது. "பெரிய வெள்ளியன்னிக்குக்கூட விடல அத்தை இவ! தலையில கருப்பு முக்காடு போட்டுக்கிட்டு, முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏத்தி ஏத்திக் காட்டுனா. கர்த்தர் செத்த நாளு!"

அந்த வெள்ளிக்கிழமை அமெரிக்கர்களுக்கு வெறும் வியாழன் இரவு. அவர்களுடைய திருச்சபை நாட்காட்டி வேறு; ஈஸ்டர் கொண்டாடிக் கிட்டத்தட்ட ஐந்து வாரம் ஆகியிருந்தது. லீவு கிடையாது என்றது ஸ்டூடியோ. வருகிறேன், ஆனால் இன்றைக்குத் துணியில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லி, ஈஸ்டருக்கு வீட்டில் சாயம் போட வேண்டிய முட்டைகளையே கொண்டுபோய்க் கேமரா முன் உட்கார்ந்தாள். அதுவரை அப்படி ஒரு கூட்டம் அவளுக்கு வந்ததில்லை.

"அப்ப மணி என்ன இருக்கும் தோரு?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"அஞ்சு. வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி..."

வாயை மூடினான். கொஞ்சம் தாமதமாக.

"எனக்கு ஆறு" என்றாள் ஒத்திலியா. "ஒனக்கு அஞ்சு. எந்திரிச்சதும் ஜெபம் பண்றேன்னு எந்தங்கச்சிகிட்ட சொல்லுவியே, அந்த நேரமா?"

இலிங்கா தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் தேடிப் போகல! கேலுவோட போன். பக்கத்துக் கட்டில்காரன். காசு கட்டிப் பாக்குறவன் அவன். என் கண்ணுல பட்டுது, அவ்வளவுதான்."

"சரி. நாளைக்கு எனக்குப் பதிலா கொழந்தையத் தூக்கப்போறது யாரு?"

தோரு ஜன்னலைப் பார்த்தான்.

"கேலுதான்" என்றாள் பராஸ்கிவா. கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள், கேட்ட கேள்விக்குச் சும்மா இருப்பாளா? "கூடவே வந்திருக்கானே. காலையிலதான் முடி வெட்டிக்கிட்டுப் போறத பாத்தேன். புதுக் கோட்டு வேற."

ஒத்திலியா சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஆம்பள" என்றாள் வியோரிகா கடைசியில். "வீடு வாசல விட்டுட்டுத் தனியாக் கெடக்குறவங்க. பாத்தவன் கண்ணக் கழுவிட்டாப் போச்சு. காட்டுனவ எதடீ கழுவுவா?"

அதைச் சொன்ன இடம் அவள் மகள் வாங்கிப்போட்ட அடுப்பின் பக்கத்தில். சொல்லிவிட்டு எழுந்துவந்து வெள்ளைத் துணியை மகள் கையிலிருந்து உருவினாள். "சாமான் மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் நாலு படிக்கட்டுக்கும் ஒத்திலியாவின் வேலை தெரிந்துவிட்டது. தோருவின் ஐந்து மணி மட்டும் எப்படியோ மூன்றாம் மாடியைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை பெற்றவள் ஞானஸ்நானம் முடியும்வரை கோயிலுக்குள் போகாமல் வாசற்படியில் நிற்பது அந்த ஊர் வழக்கம். இலிங்கா நின்றாள். ஒத்திலியாவும் வந்தாள். உள்ளே வராதே என்றவர்கள் வாசலில் நிற்காதே என்று சொல்ல மறந்திருந்தார்கள். இலிங்கா நகர்ந்து இடம் விட்டாள்.

பிள்ளைக்காகச் சாத்தானை விலக்குகிறவர் பீடத்துக்கு முதுகு காட்டி, மேற்கே, அதாவது வாசலைப் பார்த்துத் திரும்ப வேண்டும். மூன்று தரம் பதில் சொல்லிவிட்டுச் சாத்தான்மேல் துப்ப வேண்டும். ஒத்திலியா லேஸ் வைத்த வெள்ளைத் துணியில் குழந்தையை ஏந்திக்கொண்டு கேலு திரும்பினான். நாலடி தூரத்தில், வாசலில், ஒத்திலியா நின்றாள்.

"சாத்தானை விட்டு விலகுகிறாயா?" என்று கேட்டார் பாதிரியார்.

கேலுவின் கழுத்து சிவந்தது. விடியற்காலைகளில் விரலால் என்னென்னவோ தட்டி அனுப்பியவனுக்கு ஒரு சொல் வாயில் வரவில்லை. தோரு பின்னாலிருந்து முழங்கையால் இடித்தான். குழந்தை வீறிட்டது.

"விலகுறேன்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

பாதிரியார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அடுத்து இன்னும் இரண்டு பிள்ளைகள் காத்திருந்தன. திரும்பக் கேட்டார்.

"விலகுறேன்" என்றாள் ஒத்திலியா.

மூன்றாம் தரம் கேட்டபோது அவளோடு சேர்ந்து இலிங்காவும் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் புருஷன் மேலிருந்து அசையவில்லை.

"அவன்மேல் துப்பு."

கேலு எச்சிலை விழுங்கினான். ஒத்திலியா துப்பினாள். வெளிப்பக்கம் திரும்பி அல்ல, உள்ளே பார்த்து நின்ற நிலையிலேயே. அது உள்ளே, கேலுவும் தோருவும் பளபளவென்று துடைத்துப் போட்டிருந்த இரண்டு ஜோடி சப்பாத்துகளுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது.

"மேற்கே, மகளே" என்று பதறினார் பாதிரியார். "பிசாசு இருக்குறது மேற்கே. நீ கெழக்கப் பாத்துத் துப்பிட்ட."

"தெச எனக்குத் தெரியும் சாமி" என்றாள் ஒத்திலியா.